பழனி போய் வந்ததும் கை சிறுத்துவிட்டதா?

கேள்வி:

"ஐயா, எனக்கு வயது 24. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். உயரம் 5 அடி 8 அங்குலம். சின்ன வயதிலிருந்தே ஒல்லி. நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சி முடிந்ததும் கையை மடக்கி டேப் வைத்து அளந்து போனில் குறித்துவைப்பேன். தைப்பூசத்துக்கு முன்பு 13¼ அங்குலம் இருந்தது. எடை 62.6 கிலோ. ஊர்க்காரர்களோடு பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பினேன். மறுநாள் காலையில் எழுந்ததும் அளந்தால் கை 12¾, எடை 61.1. கெண்டைக்கால் மட்டும் 14-லிருந்து 14¼ ஆகியிருக்கிறது. நாலு நாள் வீட்டுச் சாப்பாட்டில் எடை 63.4 ஆகிவிட்டது. தொப்பை போடுகிறதோ என்று பயந்து மூன்று நாளாக ராத்திரி சாப்பிடுவதில்லை. ஜிம்மில் ஒரு அண்ணன், 'அஞ்சு நாள் விட்டா மசில் கரைஞ்சிரும்டா, கிரியேட்டின் போடு, மாஸ் கெய்னர் எடு' என்கிறார். நான்கு மாத உழைப்பு போய்விட்டதா? நான் என்ன செய்ய வேண்டும்?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில், இன்று ராத்திரி வழக்கம்போலச் சாப்பிடுங்கள். உங்கள் தசை எங்கேயும் போகவில்லை, தொப்பையும் போடவில்லை. ஐந்து நாளில் குறைந்ததும் நாலு நாளில் கூடியதும் பெரும்பாலும் தண்ணீர். டேப்பும் எடை மெஷினும் காட்டிய எண்கள் எனக்குக் கவலை தரவில்லை. அந்த எண்களைப் பார்த்து நீங்கள் சாப்பாட்டை நிறுத்தியதுதான் கவலை தருகிறது. உடம்பு ஏற வேண்டும் என்று நான்கு மாதம் உழைத்தவர், உடம்பு ஏறுவதற்குத் தேவையான ஒன்றையே நிறுத்தியிருக்கிறீர்கள்.

எடையிலிருந்து தொடங்குவோம். 61.1-லிருந்து 63.4, அதாவது 2.3 கிலோ. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 2.3 கிலோவுக்கு 17,000 கலோரிக்கு மேல். நாலு நாளில் என்றால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் தினமும் 4,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் உடல்வாகுக்கு அது முடியவே முடியாது. சரி, தசையாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. புதிதாகப் பயிற்சி தொடங்கிய ஓர் இளைஞருக்குச் சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் மாதத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை கூடினாலே நல்ல முன்னேற்றம். நாலு நாளில் 2.3 கிலோ கூட்டக்கூடியது தண்ணீரும், குடலில் இருக்கும் சாப்பாடும்தான்.

அந்தத் தண்ணீர் எங்கே போய் உட்காருகிறது? நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். கிளைக்கோஜன் தனியாகத் தங்குவதில்லை. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் பாத்திரம் நிறைய நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலை அதே கடலைதான், உள்ளே போன தண்ணீர்தான் கூடுதல். பாதயாத்திரையில் நாள் முழுக்க நடந்திருக்கிறீர்கள், விரதச் சாப்பாடு வேறு, தூக்கமும் சரியாக இருந்திருக்காது. கால் தசையிலும் கல்லீரலிலும் இருந்த கிளைக்கோஜனில் ஒரு 300 கிராம் செலவாகியிருந்தால், அதோடு 900 கிராம் தண்ணீரும் போயிருக்கும். வீட்டுக்கு வந்து நாலு நாள் சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டதும் அந்த 1.2 கிலோ அப்படியே திரும்பிவிடும்.

மீதி எங்கிருந்து வந்தது என்றால், உப்பு. வெயிலில் நடக்கும்போது வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. அப்படிக் குறைந்த பிறகு, அடுத்த சில நாட்களுக்கு உள்ளே வரும் உப்பையும் நீரையும் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பு தேக்கும் உப்புக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். கூடுதலாக 4, 5 கிராம் உப்பு உள்ளே தங்கினால் அரை லிட்டர் தண்ணீரும் தங்கும், எடை அரைக் கிலோ கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு என்று ஒரு நாள் விருந்து சாப்பிட்டால் அதைத் தாண்டுவது மிகச் சுலபம். அப்புறம் குடலில் இருப்பது. விரதத்தில் காலியாக இருந்த வயிறு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் திரும்பினாலே இன்னொரு அரைக் கிலோ வரும். கூட்டிப் பாருங்கள், உங்கள் 2.3 கிலோ ஏறக்குறைய வந்துவிட்டது. இதில் கொழுப்புக்கு இடமே இல்லை.

கெண்டைக்கால் பெருத்தது வளர்ச்சி இல்லை, வீக்கம். பழக்கமில்லாத தூரம் நடந்தால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படும். அவற்றைச் சரிசெய்ய உடம்பு அந்த இடத்துக்கு நீரை அனுப்பும். நாள் முழுக்கக் காலில் நின்றதால் கீழே இறங்கிய நீரும் சேர்ந்துகொள்ளும். இந்த வாரம் அளந்தால் பழைய 14-க்கே வந்திருக்கும். வந்திருந்தால் வருத்தப்பட வேண்டாம்.

இப்போது கைக்கு வருவோம். நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வேறு வேறு கைகளை. தைப்பூசத்துக்கு முன்பு அளந்தது பயிற்சி முடிந்த உடனே, மாலையில். பிறகு அளந்தது படுக்கையிலிருந்து எழுந்த உடனே, காலையில். டம்பெல் தூக்கி முடித்த கையில் ரத்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கும். அந்த அழுத்தத்தில் ரத்தத்திலிருந்து நீர் கசிந்து தசை நார்களுக்கு இடையிலும் உள்ளேயும் சேரும். ஜிம்மில் 'பம்ப்' என்று சொல்வது இதைத்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். அரை அங்குல வித்தியாசத்தில் பெரும் பங்கு இதற்கே போய்விடும். ஐந்து நாள் பயிற்சி இல்லாததால் கைத்தசையில் தேங்கும் நீரும் கிளைக்கோஜனும் கொஞ்சம் குறைந்திருக்கும். பாதயாத்திரையில் உடம்பு முழுக்கவே நீர் வற்றியிருந்ததும் ஒரு காரணம்.

அந்த அண்ணன் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஐந்து நாளில் தசை கரையாது. காலில் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைத்தால் ஒரு வாரத்துக்குள் தசை குறைவதை ஸ்கேனில் பார்க்கலாம், அது உண்மை. எழுந்து நடமாடி, சாப்பிட்டு, மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு இருக்கும் ஆளுக்கு அது பொருந்தாது. பயிற்சியை இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால்கூடத் தசையின் அளவில் பெரிய இழப்பு வருவதில்லை. அதற்கு மேல் நீண்டு கொஞ்சம் குறைந்தாலும், முதல்முறை வளர்க்க எடுத்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் மீட்டுவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை மனசுக்குப் பிடித்து நடக்கும் நடையை, கை சிறுத்துவிடுமோ என்று பயந்து அடுத்த தைப்பூசத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். டேப் காட்டுவது கையின் சுற்றளவு. தசை கூடும்போது வளர்வது கையின் குறுக்குவெட்டுப் பரப்பு. 13 அங்குலக் கை 13¼ ஆக வேண்டுமானால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 4 சதவீதம் கூட வேண்டும். உள்ளே இருக்கும் எலும்பு வளரப்போவதில்லை, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பும் வளர வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். ஆகவே தசை அதைவிட அதிகமாகவே வளர வேண்டும். டேப்பில் கால் அங்குலம் என்பது கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் உடம்புக்குப் பல வார வேலை. நன்றாக வளரும் கையில்கூட ஒரு வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சுற்றளவு கூடாது.

இதை டேப்பின் பிழையோடு வைத்துப் பாருங்கள். உடலளவு எடுப்பதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கே, ஒரே கையை இரண்டு முறை அளந்தால் சுமார் ஒரு சதவீதம் மாறலாம் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கைக்கு அது 3 மில்லிமீட்டர். தனக்குத்தானே ஒற்றைக் கையால் டேப்பைச் சுற்றி அளக்கும்போது இன்னும் கூடும். டேப் 15 டிகிரி சாய்ந்து நின்றாலே 13 அங்குலக் கையில் கிட்டத்தட்ட கால் அங்குலம் கூடுதலாகக் காட்டும். தையல்காரர் டேப் என்றால், பழசாகி இழுபட்டுப்போய் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டும். வாரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளரும் ஒன்றை, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிசகும் கருவியால், தினமும் அளந்துகொண்டிருக்கிறீர்கள். அதில் உண்மை வளர்ச்சி தெரியவே தெரியாது, பிசகு மட்டும்தான் தெரியும். எட்டு வாரம் பொறுத்தால் வளர்ச்சி ஒரு சென்டிமீட்டரை நெருங்கும். அப்போது டேப்பில் நிச்சயமாகத் தெரியும்.

அதனால் அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படி அளங்கள்: மருந்துக்கடைகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் கிடைக்கும் இழுபடாத ஃபைபர்கிளாஸ் டேப் ஒன்று வாங்குங்கள். அங்குலப் பக்கத்தை மறந்துவிட்டு மில்லிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் போதும். காலையில், கழிப்பறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு. முந்தைய இரண்டு நாட்களில் கைக்குப் பயிற்சி செய்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஜிம் விடுமுறை என்றால், வெள்ளிக்கிழமையோடு கைப் பயிற்சியை முடித்துக்கொண்டு திங்கள் காலை அளப்பது வசதியாக இருக்கும். தோள்பட்டையின் முனை எலும்பையும் முழங்கை எலும்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் மச்சம் ஏதாவது இருந்தால் அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் எப்போதும் அதே இடம் கிடைக்கும். கையைத் தளரத் தொங்கவிட்டு, டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. கண்ணாடி முன் நின்றால் டேப் சாய்கிறதா என்று தெரியும். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் மூன்றாவது முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். மடக்கி அளக்க ஆசையென்றால் அதைத் தனி வரிசையில் எழுதுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். இடுப்பை, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். கை மெதுவாகக் கூடி, இடுப்பு ஏறாமல் நின்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

எடையைத் தினமும் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் ஒரு நாள் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மெஷினைப் பாய்மீதோ மிதியடிமீதோ வைக்காமல் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின்கள் காலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு நீரை வைத்துத்தான் ஊகிக்கின்றன. தண்ணீர் மாறினால் அந்த எண்ணும் மாறும், அன்றாடம் அதை நம்ப வேண்டாம். உங்களுக்கு வாரச் சராசரி 150-லிருந்து 300 கிராம் வரை ஏறினால் நல்ல வேகம். மூன்று வாரம் ஆகியும் சராசரி அசையவில்லை என்றால், ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கூடுதலாகச் சேருங்கள். மூன்று நாளில் அசையவில்லை என்பதற்காக எதையும் மாற்றாதீர்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு நீரைத் தேக்கி, எடை ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடுவது சகஜம். போன வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். போன மாதம் அதே நாட்களில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். எவ்வளவு எடை தூக்குகிறீர்கள்? முதல் மாதம் எந்த டம்பெல்லை எட்டு முறை தூக்கினீர்கள், இப்போது எத்தனை முறை தூக்குகிறீர்கள்? ஆரம்ப வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால். நான்கு மாதம் தாண்டிய உங்களுக்கு, சரியான முறையில் தூக்கும் எடை மாதாமாதம் ஏறுகிறது என்றால் தசையும் சேர்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பழனியிலிருந்து வந்த அடுத்த வாரம் பழைய எடையைத் தூக்க முடிந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முடிந்திருந்தால் கரைந்ததா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் டேப்பில் கிடைக்காது.

கிரியேட்டினைப் பற்றி: நிறைய ஆராயப்பட்ட துணை உணவு, ஆரோக்கியமான இளைஞருக்குப் பயன் உண்டு. தினம் 3-லிருந்து 5 கிராம் போதும். ஆனால் அதுவும் தசைக்குள் நீரை இழுத்துவைக்கும். தொடங்கிய முதல் வாரங்களில் ஒரு கிலோ கூடினால் அது நீர். இப்போது இருக்கும் குழப்பத்தில் அதையும் சேர்த்தால் எது எதனால் கூடியது என்று தெரியாமல் போகும். எட்டு வாரம் ஒழுங்காக அளந்து பழகிய பிறகு வேண்டுமானால் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. எடுக்கும் காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடை ஏற்றுவதற்கென்று விற்கும் மாஸ் கெய்னர் பவுடர் வேண்டாம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்துதான். அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவர் 1.6 கிராம் வரை போவது நல்லது. உங்களுக்கு ஏறத்தாழ 100 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 150 கிராம் கோழிக்கறியில் 30-க்கு மேல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, மூன்று வேளைச் சோறு, இட்லி, பருப்பில் 20. கறி சாப்பிடாத நாளில் 50 கிராம் மீல்மேக்கர் போட்டுக் குழம்பு வைத்தால் 25 வந்துவிடும். அதில் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

தண்ணீர் கூடுவதும் குறைவதும் இயல்பு என்று சொல்லிவிட்டு, இயல்பில்லாததையும் சொல்லாமல் விடக் கூடாது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து, கை வீங்கி முழங்கையை நீட்டவே முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதேபோல் ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, வலியும் சூடும் இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். நீங்கள் எந்தக் காலை அளந்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு காலையும் ஒருமுறை பாருங்கள். ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை.

போனில் இருக்கும் பழைய அளவுகளை அழிக்க வேண்டாம், ஆனால் புதியவற்றை அவற்றோடு ஒப்பிடாதீர்கள். அடுத்த திங்கள் காலை முதல் அளவை எடுங்கள். எட்டு வாரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஐந்து அளவுகள், எட்டு வாரச் சராசரி எடை, ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய எடை, இந்த மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி அனுப்பினால், அதை வைத்து அடுத்து சாப்பாட்டை மாற்றுவதா, பயிற்சியை மாற்றுவதா என்று சொல்கிறேன்.